பழசா புதுசா என்று கேட்ட தம்பிக்கு

2025 கடைசியில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினான். திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். பில் போடவும் சரக்கு இருப்பு பார்க்கவும் கடையில் ஒரு பழைய டெஸ்க்டாப்பையே சர்வராக ஓட்டிக்கொண்டிருந்தான், அதில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டதால் இப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டிய நிலை. “அண்ணே, உபுண்டு 24.04 போடவா, இல்ல அக்டோபர்ல வந்துச்சே 25.10, அதப் போடவா? செக்யூரிட்டிக்குப் புதுசுதானே நல்லது?”

உபுண்டு என்பது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் வகைகளில் ஒன்று, அந்த எண்கள் பதிப்பு வெளிவந்த வருஷமும் மாசமும். 24.04 போடுடா என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பான். கேட்டான். வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் வலித்ததுதான் மிச்சம், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

24.04 மாதிரிப் பதிப்புகளை ‘ஸ்டேபிள்’ என்பார்கள், முதலில் அந்த வார்த்தையே நம்மை ஏமாற்றுகிறது. அது பத்திரமானது என்று பொருளில்லை, பிழையில்லாதது என்றும் பொருளில்லை. மாறாதது, அவ்வளவுதான். தெருமுனை ஓட்டலில் சாம்பார் பத்து வருஷமாக ஒரே மாதிரி இருக்கிறது என்று சொன்னால், நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே. இன்றைக்கு எழுதிய நிரல் இரண்டு வருஷம் கழித்தும் அதே மாதிரி ஓடும், நடுவில் எந்த லைப்ரரியும் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்துகிற துணை நிரல்) பேர் மாறாது, அமைப்புகளை எழுதிவைக்கிற கான்ஃபிக் கோப்பின் வடிவம் மாறாது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸும், உபுண்டுவில் 24.04 மாதிரி எல்டிஎஸ் எனப்படுகிற நீண்டகால ஆதரவுப் பதிப்புகளும் தருகிற வாக்கு இதுதான். பாதுகாப்பு என்பது இதற்கு மேலே தனியாகச் செய்யப்படுகிற வேலை, அதை யாரோ உட்கார்ந்து செய்கிறார்கள். அந்த ‘யாரோ’ யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். 2024 மார்ச் 29, புனித வெள்ளி, லீவு நாள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் எக்ஸ்இஸட் என்ற பேச்சாகவே இருந்தது. எக்ஸ்இஸட் என்பது கோப்புகளைச் சுருக்குகிற ஒரு சின்னக் கருவி, லினக்ஸ் இருக்கிற இடத்திலெல்லாம் இருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதன் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் யாரோ வேண்டுமென்றே கொல்லைப்புற வாசல் ஒன்றை வைத்திருக்கிறார்கள், அது சுற்றி வளைத்து, தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் லாகின் செய்ய உதவுகிற எஸ்எஸ்எச் என்ற நிரலுக்குள் போய் உட்காருகிறது என்று செய்தி. என் லேப்டாப்பில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது டெபியன் சிட், அதாவது எல்லாமே சுடச்சுட வந்து இறங்குகிற கிளை. டெர்மினலில் பதிப்பு எண்ணைக் கேட்டேன். 5.6.1 என்று சொன்னது. வயிற்றைக் கலக்கியது என்று சொன்னால் மிகையில்லை, ஏனென்றால் அதே லேப்டாப்பிலிருந்துதான் பதினோரு சர்வர்களுக்குள் தினமும் போய் வந்துகொண்டிருந்தேன்.

இதைக் கண்டுபிடித்த விதம் இன்றைக்கு நினைத்தாலும் நம்ப முடியாத மாதிரி இருக்கிறது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்று ஒருவர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழுதுகிறவர்களில் ஒருவர், மைக்ரோசாஃப்டில் வேலை. அவரும் டெபியன் சிட்தான் வைத்திருந்தார். வேறு ஏதோ வேகத்தை அளந்துகொண்டிருக்கும்போது எஸ்எஸ்எச் லாகின் கொஞ்சம் இழுப்பதைக் கவனித்திருக்கிறார். முன்பு 0.3 விநாடி, இப்போது 0.8 விநாடி. அரை விநாடி! நான் என்றால் நெட் ஸ்லோ என்று சொல்லி டீ குடிக்கப் போயிருப்பேன். அவர் விடாமல் தோண்டிக்கொண்டே போய் அடியில் இருந்த பாம்பைப் பிடித்தார்.

டெபியன் ஸ்டேபிள், அப்போது புக்வார்ம் என்ற 12ஆம் பதிப்பு, அதில் இருந்தது எக்ஸ்இஸட் 5.4.1. ஒன்றும் ஆகவில்லை. என் சர்வர்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. டெபியன் டெஸ்டிங், சிட், ஓப்பன்சூசே டம்பிள்வீட், ஃபெடோராவின் ராஹைடு, காளி, இப்படிப் புதுசை ஓடி ஓடி வாங்கினவர்கள் வீட்டில்தான் திருடன் நுழைந்திருந்தான். அடுத்த அப்டேட்டில் எனக்கு வந்த பேக்கேஜின் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்: 5.6.1+ரியலி5.4.5-1. அதாவது பேருக்கு 5.6.1, நிஜமாகவே 5.4.5. எண் குறைந்தால், நிரல்களை இறக்கி ஏற்றுகிற ஏபிடி என்ற கருவி அதை அப்டேட்டாக எடுத்துக்கொள்ளாது என்பதால் ‘ரியலி’ என்ற வார்த்தையைப் பதிப்பு எண்ணுக்குள்ளேயே போட்டு அனுப்பினார்கள். அந்தக் களேபரத்திலும் சிரிப்பு வந்தது. அப்புறம் சனிக்கிழமை முழுக்க லேப்டாப்பை அழித்து ஏற்றி, பதினோரு சர்வரிலும் சாவிகளை மாற்றி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு, அந்த லீவு அப்படியே போயிற்று.

பார்த்தாயா, பழசுதான் பத்திரம் என்று இதிலிருந்து ஒருத்தர் முடிவு கட்டலாம். நானும் ஒரு மாசம் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அந்தக் கொல்லைப்புற வாசலை வைத்த ஆள், ஜியா டான் என்ற பேரில் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்த ஆள், குறி வைத்தது என்னைப் போன்ற சிட் பைத்தியங்களை இல்லை. ஸ்டேபிளைத்தான். உபுண்டு 24.04 வெளிவர ஒரு மாசம்கூட இல்லாத நேரம் அது. கண்டுபிடித்ததும் உபுண்டுக்காரர்கள் பேக்கேஜ்களை எல்லாம் மறுபடி கட்டினார்கள், பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. இரண்டு மாசம் கழித்து மாட்டியிருந்தால், இன்றைக்குத் தம்பியிடம் நான் போடச் சொல்கிற அதே 24.04க்குள் அது குடியேறியிருக்கும், ஸ்டேபிள் என்று முத்திரையும் குத்தியிருப்பார்கள். அதனால் ஸ்டேபிளின் பலம் பழசாக இருப்பதில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது. புதுசை முதலில் வாங்குகிறவர்கள் கால் வைத்துப் பார்க்கிறார்கள், முள் இருந்தால் அவர்களுக்குக் குத்துகிறது, நாம் பின்னால் செருப்பு போட்டுக்கொண்டு வருகிறோம். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நடப்பது அதுதான்.

இப்போது எதிர்ப்பக்கம். 2015 ஜனவரியில் கோஸ்ட் என்று பேர் வைத்த பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியே வந்தது. ஜிலிப்சி என்பது லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கிற அடித்தூண். அதில் ஒரு பெயரை முகவரியாக மாற்றுகிற இடத்தில் கோளாறு, 2000ஆம் ஆண்டு வந்த 2.2ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதை ஜிலிப்சி எழுதுகிறவர்கள் 2013 மே மாசத்திலேயே சரிசெய்துவிட்டார்கள், அதுதான் கொடுமை. ஆனால் சாதாரணப் பிழை என்று நினைத்துச் சரிசெய்தார்கள், பாதுகாப்புப் பிரச்சினை என்று யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டேபிள் பதிப்புகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ‘பாதுகாப்பு’ என்று சீட்டு ஒட்டியதை மட்டும்தானே பழைய பதிப்புக்கு எடுத்து வருவார்கள், சீட்டு ஒட்டாததால் இது வரவில்லை. டெபியன் 7, ரெட்ஹேட் லினக்ஸ் 6, உபுண்டு 12.04 எல்லாம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் திறந்த கதவோடு நின்றன. அப்போது உபுண்டு 14.04க்கு மாறியிருந்தவர்களுக்கு எந்தக் கவலையும் இல்லை, அவர்களுக்கு அது தெரியாமலே சரியாகியிருந்தது.

இதே வாதத்தைத்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்கள் ரொம்ப வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கெர்னலில் எந்தப் பிழையும் ஓட்டையாக மாறலாம், எது ஓட்டை எது வெறும் பிழை என்று பிரித்துக் கொடுக்க எங்களால் ஆகாது, வருகிற திருத்தங்கள் அத்தனையையும் எடுத்துக்கொள் என்று அவர்களில் ஒருவரான கிரெக் க்ரோ-ஹார்ட்மன் சொல்லாத மேடை கிடையாது. 2024 பிப்ரவரியிலிருந்து அவர்களே ஒவ்வொரு ஓட்டைக்கும் சிவிஇ என்ற அடையாள எண் கொடுக்க ஆரம்பித்த பிறகு எண்கள் கொட்டோ கொட்டென்று கொட்டுகின்றன, அதைப் பார்த்துப் பாதுகாப்பு அறிக்கை எழுதுகிறவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். டெபியன் இதில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது. ஸ்டேபிளில் மற்றதையெல்லாம் உறைய வைத்தாலும், கெர்னலை மட்டும் மேலே வருகிற நீண்டகால வரிசையோடு சேர்ந்தே நகர்த்துகிறார்கள். புக்வார்மில் 6.1 வரிசை, அதற்குள் கடைசி எண் ஏறிக்கொண்டே போகும்.

சரி, புதுத் திருத்தத்தைப் பழைய பதிப்புக்கு எடுத்துவருகிற இந்தப் பேக்போர்ட் விவகாரத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், நானே அதில் அடிபட்டிருக்கிறேன், கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

2022இல் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் சர்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டெபியன் 10. வெளியிலிருந்து ஒரு ஆடிட் குழு வந்து ஓட்டை தேடுகிற ஸ்கேனரை ஓட்டி, நாற்பது பக்கம் அறிக்கை கொடுத்தது, முதல் பக்கத்திலேயே எஸ்எஸ்எச் நிரலைப் பற்றிச் சிவப்பில்: ஓப்பன்எஸ்எஸ்எச் 7.9பி1, காலாவதியானது, உடனே மேம்படுத்தவும். நான் எவ்வளவோ சொன்னேன். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன கோடு போட்டு 10+டெப்10யு2 என்று ஒரு வால் இருக்கிறது பாருங்கள், அந்த வாலில்தான் சங்கதி இருக்கிறது, டெபியனின் பாதுகாப்புக் குழு ஓட்டையை அடைக்கிற அந்த நாலு வரி திருத்தத்தை மட்டும் எடுத்துவந்து பழைய நிரலில் தைத்துவிட்டு, முன்னால் இருக்கிற எண்ணை அப்படியே விட்டுவிட்டு வாலை மட்டும் ஒன்று கூட்டுவார்கள், ஸ்கேனர் வாலைப் பார்ப்பதே இல்லை என்று. மேனேஜருக்கு அது வேண்டாம், அறிக்கையில் சிவப்பு போக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.

நான் செய்த முட்டாள்தனம் இதுதான்: ஓப்பன்எஸ்எஸ்எச் 8.9பி1 மூல நிரலை இறக்கி, அங்கேயே கம்பைல் செய்து, யுஎஸ்ஆர் லோக்கல் என்ற, ஏபிடி தொடாத ஃபோல்டருக்குள் போட்டு, அதையே ஓட விட்டேன். ஸ்கேனர் பச்சை காட்டியது. எல்லோரும் கை கொடுத்தார்கள். அப்புறம் நான் வேறு வேலைகளில் மூழ்கினேன், சர்வரும் நல்லபடியாக டெபியன் 11க்கு மாறியது, மாற்றியதும் நான்தான், யுஎஸ்ஆர் லோக்கலில் ஒன்று கிடக்கிறது என்பது நினைவிலேயே இல்லை.

2024 ஜூலை 1. குவாலிஸ் நிறுவனம் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரு ஓட்டையை அறிவித்தது, ரெக்ரெஷன் என்ற ஆங்கில வார்த்தைக்குள் எஸ்எஸ்எச்சைச் செருகி அதற்குப் பேர் வைத்தார்கள். 2006இலேயே அடைத்த ஓட்டை, 2020இல் நிரலைத் திருத்தும்போது தெரியாமல் மறுபடி திறந்துகொண்டது. பாஸ்வேர்டே இல்லாமல் வெளியிலிருந்து ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர், வரைக்கும் போகலாம், பல மணிநேரம் முட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். பாதிக்கப்பட்டவை 8.5பி1 முதல் 9.7பி1 வரை. டெபியன் 11இன் சொந்த எஸ்எஸ்எச் 8.4பி1. ஒரு படி பழசு, அதனால் தப்பித்தது. உபுண்டு 20.04 தப்பித்தது, ரெட்ஹேட் 8 தப்பித்தது. டெபியன் 12 மாட்டியது, ஆனால் அன்றைக்கே வாலில் டெப்12யு3 என்று போட்டு பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற திருத்தம், வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வந்து, இந்த சர்வர் 11தானே, பிரச்சினையில்லை என்று தாண்டப் போனேன், எதற்கும் இருக்கட்டும் என்று ஓடிக்கொண்டிருக்கிற எஸ்எஸ்எச்சின் பதிப்பைக் கேட்டேன். 8.9பி1. எனக்கு இரண்டு நிமிஷம் புரியவேயில்லை. அப்புறம் புரிந்தது.

எண்ணைப் புதுசாக்குகிறேன் என்று போய், பேட்ச் கொண்டுவந்து தருகிற ஆளை நானே வாசலில் நிறுத்திவிட்டேன். நான் கம்பைல் செய்து போட்ட அந்த நிரல் இருப்பதே ஏபிடிக்குத் தெரியாது. டெபியன் பாதுகாப்புக் குழுவுக்கும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு மேல் அதற்கு அப்பா அம்மா கிடையாது. நான் மேலே ‘யாரோ’ என்று சொன்னது இதைத்தான். பழசா புதுசா என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் பேக்கேஜுக்கு நாளைக்கு ஒரு ஓட்டை வந்தால் யார் தைப்பார்கள், என் கம்ப்யூட்டருக்கு அது எத்தனை நாளில் வந்து சேரும் என்று கேட்க வேண்டும்.

(தைக்கிற கையும் தவறலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. 2006இல் டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற, ரகசியச் சாவிகளை உருவாக்குகிற லைப்ரரியைப் பார்த்துக்கொண்டவர்கள், ஒரு சோதனைக் கருவி கொடுத்த எச்சரிக்கையை நிறுத்தக் கொஞ்சம் வரிகளை எடுத்தார்கள், அதில் தற்செயல் எண்ணுக்கான சரக்கே போய், ஓடுகிற நிரலுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கிற புராசஸ் எண் ஒன்றுதான் மிச்சம். ஒவ்வொரு வகையிலும் 32,768க்கு மேல் சாவிகள் உருவாக வழியில்லை. 2008 மே 13 அன்று வெளியே சொல்லும்வரை உலகம் முழுக்க அந்தச் சாவிகளைச் செய்து பூட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய ஆட்களிடம் இன்றைக்கும் இதைச் சொன்னால் முகம் மாறும்.)

அப்படிக் கேட்டுப் பார்த்தால் சில விடைகள் தானாகவே விழுகின்றன. டெபியன் டெஸ்டிங்கை நிறையப் பேர் நடுவழி என்று நினைக்கிறார்கள், சிட் அளவுக்குச் சுடாது, ஸ்டேபிள் அளவுக்கு ஆறிப்போகவும் இல்லை என்று. பாதுகாப்புக் கண்ணால் பார்த்தால் மூன்றில் மோசம் அதுதான். ஸ்டேபிளுக்குப் பாதுகாப்புக் குழு நேராகப் பேட்ச் போடும். சிட்டுக்கு மேலிருந்து புதுப் பதிப்பே வந்துவிடும். டெஸ்டிங்குக்கு வர வேண்டுமென்றால் சிட்டில் சில நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கும், வழக்கமாக 2 முதல் 10 நாள், நடுவில் ஏதாவது பெரிய லைப்ரரி மாற்றம் நடந்துகொண்டிருந்தால் வாரக்கணக்கில் நிற்கும். ஓட்டை ஊருக்கே தெரிந்த பிறகு அந்தப் பத்து நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. ஸ்டேபிள் வெளிவருவதற்கு முன் உறைந்திருக்கிற மாசங்களில் டெஸ்டிங் வைத்திருப்பதில் தப்பில்லை, மற்ற நேரத்தில் வேண்டாம்.

உபுண்டுவிலும் இப்படி ஒரு மறைவு இருக்கிறது. மெயின், யூனிவர்ஸ் என்று இரண்டு கிடங்கு. மெயினில் இருப்பவற்றுக்கு ஐந்து வருஷம் பேட்ச் உறுதி. யூனிவர்ஸில் இருக்கிற ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களுக்கு அந்த உறுதி ப்ரோ என்ற சந்தாவுக்குள்தான். ஏபிடி ஓட்டும்போதெல்லாம் ஈஎஸ்எம் ஆப்ஸ் (ப்ரோவின் ஒரு பகுதி) மூலம் இத்தனை பாதுகாப்பு அப்டேட்கள் கிடைக்கும் என்று ஒரு வரி வருமே, விளம்பரம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வோமே, அது விளம்பரமும்தான், உண்மையும்தான். சொந்த உபயோகத்துக்கு ஐந்து கம்ப்யூட்டர் வரை இலவசம். எல்டிஎஸ் போட்டுவிட்டு ப்ரோவை இணைக்காமல் விடுவது, ஸ்கூட்டருக்கு இன்ஷூரன்ஸ் கட்டிவிட்டு பேப்பரை வாங்காமல் வருகிற மாதிரி.

பிரவுசர் தனிக் கதை. அதில் பழசு என்ற பேச்சே எடுபடாது. டெபியன்காரர்களே பிரவுசரில் மட்டும் பேக்போர்ட் வேலைக்கு ஆகாது என்று ஒப்புக்கொண்டு ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவு வரிசையான ஈஎஸ்ஆரையும் குரோமியத்தையும் ஸ்டேபிளுக்குள்ளேயே புதுப்பதிப்பாக ஏற்றுகிறார்கள். ஆனால் சில பிரவுசர்களுக்கு உள்ளே இருக்கிற க்யூட்டி வெப்எஞ்சின் மாதிரி சிலவற்றுக்குப் பாதுகாப்பு ஆதரவு தர முடியாது என்று ரிலீஸ் குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ரிலீஸ் குறிப்பை யார் படிக்கிறார்கள்? ஸ்டேபிளில் அந்த எஞ்சினில் ஓடுகிற கேடிஈ பிரவுசர் ஒன்றை வைத்துக்கொண்டு அதில் பேங்க் வேலை பார்க்கிற ஒருவரை எனக்குத் தெரியும், நல்ல மனுஷர், சொன்னால் கோபித்துக்கொள்வார்.

இப்போது தம்பி கேட்ட 25.10க்கு வருகிறேன். அதில் நிஜமாகவே புதுசாகச் செய்திருக்கிறார்கள், நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். சூடோ (ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்டுவது), எல்எஸ் (கோப்புகளைப் பட்டியல் போடுவது), டேட் (நேரம் சொல்வது) மாதிரி தினசரிக் கருவிகளை ரஸ்ட் மொழியில் எழுதியதாக மாற்றிவிட்டார்கள். சி மொழியில் மெமரி தவறுகளால் வருகிற ஒரு பெரிய கூட்டம் ஓட்டைகள் ரஸ்ட்டில் பெரும்பாலும் பிறக்காது, அதனால் தூரத்து நோக்கில் இது பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் வந்த இரண்டு வாரத்துக்குள் என்ன ஆயிற்று? ஒரு கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று டேட் கட்டளையிடம் கேட்டால், அந்தப் புது டேட் கோப்பைப் பார்க்காமலே இப்போதைய நேரத்தைச் சொல்லிவிட்டது. போகட்டும், நேரம்தானே என்று தோன்றும். ஆனால் தானியங்கி அப்டேட்டை ஓட்டுகிற ஸ்கிரிப்ட், கடைசியாக எப்போது அப்டேட் பார்த்தோம் என்று அதே டேட்டிடம்தான் கேட்கிறது. டேட் ‘இப்பத்தான்’ என்றது. சரி, அப்படியென்றால் இன்றைக்கு வேண்டாம் என்று அது படுத்துவிட்டது. மறுநாளும் கேட்டது, மறுநாளும் ‘இப்பத்தான்’. பாதுகாப்புக்காகவே மாற்றிய கருவி, பாதுகாப்பு அப்டேட்டையே நிறுத்திவைத்தது. கையால் ஏபிடி ஓட்டினவர்களுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை, தானாக நடக்கும் என்று நம்பிவிட்டவர்களுக்குத்தான் அடி. திருத்தம் சீக்கிரமே வந்தது, ஆனால் அந்தத் திருத்தத்தையும் ஒரு தடவை கையால்தானே வாங்க வேண்டும்!

மருந்துக்கடையில் யார் கையால் ஏபிடி ஓட்டப் போகிறார்கள்? கவுண்டரில் இருக்கிற பையனா, தம்பியின் மாமனாரா?

அதோடு 25.10க்கு ஆயுள் ஒன்பதே மாசம். 2026 ஜூலையோடு முடிந்தது. அதற்குள் 2026 ஏப்ரலின் 26.04க்கு மாற வேண்டும். மாறுவான் என்று நான் நம்பவில்லை, இதை அவனிடமே சொல்லிவிட்டேன். ஆயுள் முடிந்த புதுப் பதிப்பு, ஆதரவு இருக்கிற பழைய பதிப்பைவிட எவ்வளவோ மோசம், ஏனென்றால் ஓட்டைகள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், தைக்க ஆள் இருக்க மாட்டார்கள். 24.04க்கு 2029 வரை இருக்கிறது. இந்த டெஸ்க்டாப்பே அதுவரை இருக்குமா என்பது சந்தேகம்.

24.04ஐயும் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. 2025 ஜூனில் சூடோவில் ஒரு ஓட்டை வந்தது, சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் ஆகிவிடலாம். 1.9.14 முதல் 1.9.17 வரை பாதிப்பு. 24.04இல் இருந்தது 1.9.15, மாட்டியது. டெபியன் 12இல் 1.9.13, மயிரிழையில் தப்பியது. அதற்காக டெபியன் ஒசத்தி என்று ஆகாது, அடுத்த தடவை சீட்டு வேறு மாதிரி விழும். மாட்டியதற்கு பேட்ச் உடனே வந்ததா என்பதைத்தான் பார்க்கிறேன், வந்தது.

லேப்டாப் விஷயத்தில் நானே என்ன செய்கிறேன் என்று கேட்டால், புனித வெள்ளிக்கு அப்புறம் சிட்டை விட்டுவிட்டேன். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்ததும் அதற்கு மாறினேன். புத்தம்புது லேப்டாப் வாங்கி வைஃபையே தெரியவில்லை என்றால் ஃபெடோரா மாதிரி எதையாவது போட்டுக்கொள், வாரா வாரம் உட்கார்ந்து அப்டேட் பார்க்கிற பழக்கம் இருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. சர்வருக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அது பாவம் மூலையில் கிடக்கும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் பேசுவதில்லை. பேட்ச் இறங்கினால் மட்டும் போதாது. கெர்னல் பேட்ச் டிஸ்கில் வந்து உட்கார்ந்திருக்கும், மெமரியில் பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். லைப்ரரியும் அப்படித்தான், பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதுசு வந்தாலும் ஏற்கெனவே ஓடுகிற நிரல் பழசையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் என்னுடைய ஒரு சர்வர் 214 நாள் ரீபூட் ஆகாமல் ஓடியது, அதைப் பெருமையாக ஸ்டேட்டஸில் வேறு போட்டேன். ஒரு நண்பர் கீழே கேட்டார், “அப்ப ஏழு மாச கெர்னல் பேட்ச் எல்லாம் எங்க இருக்கு?” ஸ்டேட்டஸை அழித்துவிட்டேன். இப்போது நீட்ரீஸ்டார்ட் என்ற சின்னக் கருவியை எல்லா சர்வரிலும் போட்டுவைத்திருக்கிறேன், எது பழசைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

ஆக, தம்பிக்குப் போன் போட்டு 24.04 ஏற்றச் சொன்னேன், ப்ரோவை இணைக்கச் சொன்னேன், தானியங்கி அப்டேட்டில் ரீபூட்டையும் சேர்த்து ஆன் செய்யச் சொன்னேன். எத்தனை மணிக்கு வைக்கட்டும் என்று கேட்டான். அதிகாலை நாலு மணி என்றேன், எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள்.

“அண்ணே, நாலு மணிக்கு மெயின் சுவிட்சே ஆஃப்ல இருக்கும். கடையப் பூட்டறப்ப அப்பா அணைச்சிட்டுதான் வருவாரு.”

நான் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. சித்தப்பா தினமும் ராத்திரி ரீபூட்டுக்குப் பாதி வேலையை முடித்துவிடுகிறார், காலையில் தம்பி சுவிட்சைப் போடுவது மீதி. 214 நாள் பெருமையெல்லாம் அங்கே கிடையாது. ரீபூட் நேரத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டு, கடை திறந்ததும் பில் புரோகிராமைத் திறப்பதற்கு முன்னால் கெர்னல் எண்ணை மட்டும் ஒரு தடவை எனக்கு அனுப்பு என்றேன். மறுநாள் ஒன்பதேகாலுக்குப் போட்டோ வந்தது, மானிட்டருக்குப் பக்கத்தில் பாதி குடித்த டீயும் ஒரு அட்டை பாராசிட்டமாலும்.